கார் கூரையும் கூலிக் கணக்கும்

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்து, ஆபீஸ் ஆணிகளுக்கு நடுவில் தள்ளிப் போய்க்கொண்டே இருந்த விஷயம் இது. என் காரின் கூரைத் துணி கழன்று தொங்கியதும், அதை நானே வீட்டில் ஒட்டியதும்தான் கதை. இதில் என்ன பெரிய கதை என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் இது காரைப் பற்றியது மட்டும் இல்லை என்று தெரியும்.

வண்டி 2011 டிசம்பரில் வாங்கிய பெட்ரோல் செடான். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், பதினாலு வருஷம் சுமந்ததைப் பெயர் சொல்லித் திட்ட மனசு வரவில்லை. 2025 கோடையில் பின் கண்ணாடிக்கு மேலே கூரைத் துணியில் ஒரு சின்ன வீக்கம் தெரிந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அது பூரி மாதிரி உப்பிவிட்டது. தீபாவளி வந்தபோது துணி முழுசாக இறங்கி, ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியே தெரியாத நிலை. ஆபீஸ் நண்பர் சொன்னார் என்று இருபது போர்டு பின் வாங்கிக் குத்தினேன். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் ஸ்பீட் பிரேக்கரில் ஒரு பின் என் மடியில் விழுந்தது. அவ்வ்வ்!

மாமனார் ஊரிலிருந்து வந்தார். புது டெல்லி ஸ்டேஷனில் அழைத்து வந்து பின் சீட்டில் உட்கார வைத்தேன். துணி அவர் தலையில் சாய்ந்தது. "என்னங்க மாப்பிள்ளை, கல்யாணப் பந்தல் மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க?" என்றார். வீட்டுக்கு வந்து இறங்கும்போது பார்த்தால் தலை, தோள், வெள்ளை வேட்டி எல்லாம் மஞ்சள் பொடி. தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அந்த மஞ்சள் பொடி என்ன தெரியுமா? கார் கூரைத் துணி வெறும் துணி இல்லை. துணிக்குப் பின்னால் மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனில் ஃபோம் ஒட்டியிருக்கும். அந்த ஃபோமைத்தான் வளைவாக வார்த்த ஒரு அட்டைப் பலகையில் ஒட்டுகிறார்கள். வெளியே 45 டிகிரி அடித்தால், மூடி நிறுத்திய காருக்குள் 60-ஐத் தாண்டும். வருஷக்கணக்கில் இந்தச் சூடும் மழைக்கால ஈரமும் பட்டு ஃபோம் மக்கிப் பொடியாகிவிடும். பசை பலகையோடு இருக்கும், துணியும் நன்றாக இருக்கும், நடுவில் இருப்பது மட்டும் செத்துப் போயிருக்கும். அதனால்தான் பின் குத்தினாலும், ஊசியில் பசை ஏற்றினாலும் நிற்பதில்லை. பொடியின் மேல் ஒட்டினால் பொடிதான் ஒட்டும்.

சரி, ஆளிடம் கொடுத்துச் செய்துவிடலாம் என்று கிளம்பினேன். கரோல் பாக் கார் ஆக்சஸரீஸ் கடைகளில் விசாரித்தால் 6,500 ரூபாய். எங்கள் ஏரியாவில் மரத்தடியில் தகர ஷெட் போட்டு, தையல் மெஷினோடு சீட் தைக்கும் ஒரு மாஸ்டர்ஜி இருக்கிறார். அவர் எட்டிப் பார்த்து, துணியைக் கையால் தடவி, "இரண்டு ஆள், ஒரு நாள் வேலை. 4,500" என்றார்.

இங்கே டெல்லிக்காரர்களின் இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். டீசல் வண்டிக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம் என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் வயசான வண்டிக்குப் பங்கில் எண்ணெய் கிடையாது என்று ஆரம்பித்து, சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4-ம் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகளுக்கு மட்டும்தான் என்று திருத்தியது. என் வண்டி பிஎஸ்-4, தப்பித்தது. ஆனால் நான் மாஸ்டர்ஜி முன்னால் நின்றது நவம்பரில். ஒரு வருஷத்தில் காயலான் கடைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம் என்கிற வண்டிக்கு நாலாயிரத்து ஐந்நூறா என்று தோன்றியது.

"மூவாயிரம்" என்றேன். கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன்.

மாஸ்டர்ஜி கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "சாப், மூவாயிரத்துக்கு ஆப் குத் கர் லோ" என்றார். அந்த விலைக்கு நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். சொல்லிவிட்டு மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இவர் என்ன எனக்குச் சவால் விடுவது? நான் யார் தெரியுமா? குஷன் வேலைக்காரர் மகன்!

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெறும் சேஸிஸாக உள்ளே போகிற வண்டி, முழு பஸ்ஸாக வெளியே வரும். அப்படி ஒரு பட்டறையில் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் சீட் குஷன் வேலை பார்த்தார். லீவு நாளில் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான்தான் போவேன். ரெக்ஸின் வாசமும் பசை வாசமும் கலந்த ஒரு மணம், இப்போதும் எங்காவது வந்தால் எனக்குப் பசிக்கும். அப்பா சாப்பிடும் நேரத்தில் வளைந்த பெரிய ஊசியை எடுத்து வேடிக்கை பார்ப்பேன். உடனே சத்தம் வரும். "அதைத் தொடாத கண்ணு. இதைப் பழகுனீனா இங்கயேதான் கெடப்பே."

நான் பழகவில்லை. படித்தேன். 2003-ல் டெல்லியில் வேலை கிடைத்து, முனிர்க்காவில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கினேன். முதல் வாரம் ஒருத்தன், "உங்க அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டான். "ஆட்டோமொபைல் பிசினஸ்" என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. அந்தப் பதிலை அதற்குப் பிறகு எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

2012-ல் அப்பா டெல்லி வந்தபோது இந்தக் காரில்தான் உட்கார வைத்தேன். ஏசியையோ பாட்டையோ அவர் கண்டுகொள்ளவில்லை. கையை உயர்த்திக் கூரையை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். "லேமினேஷன் துணி. ஃபோம் மெல்லிசு. பத்துப் பன்னெண்டு வருசம் தாங்கும்" என்றார். பதிமூன்று வருஷம் கழித்து அவருக்கே போன் போட்டேன்.

"நானே ஒட்டலாம்னு இருக்கேனுங்கப்பா."

"ஏங்கண்ணு, ஆளு கெடைக்கலயா?"

"கெடைச்சாருங்க. நாலாயிரத்து ஐந்நூறு கேக்கறாரு."

"நீ என்ன சொன்னே?"

"மூவாயிரம்னேன்."

கொஞ்ச நேரம் லைனில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "பசை நல்லதா வாங்கு" என்று ஆரம்பித்தார். அடுத்த மூன்று வாரத்துக்கு அவர்தான் மேஸ்திரி, நான் சித்தாள்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக விவரமாகவே சொல்கிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை. உங்கள் காரில் கதவுக்கு மேலே பக்கவாட்டில் விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் இந்த வேலையை வீட்டில் தொடாதீர்கள். பக்கத் தூண்களின் பிளாஸ்டிக்கில் எஸ்ஆர்எஸ் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அது உண்டு என்று அர்த்தம். என் வண்டியில் முன்னால் இரண்டு மட்டும்தான். அதனால் துணிந்தேன்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தேன். சன் வைசர், உள் விளக்கு, தலைக்கு மேல் இருக்கும் கைப்பிடிகள், கோட் மாட்டும் கொக்கி, பக்கத் தூண்களின் பிளாஸ்டிக் மூடிகள் எல்லாம் கழற்ற வேண்டும். திருகுகள் சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். கிளிப்புகளை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உடையும் (உடைந்தது). இதற்கென்றே பிளாஸ்டிக் நெம்பி விற்கிறார்கள், வாங்கிவிடுங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை மேல் பக்கம் மட்டும் இழுத்தால் போதும். முன் சீட் இரண்டையும் முழுசாகச் சாய்த்து, பலகையை முன் கதவு வழியாக வெளியே எடுக்க வேண்டும். இதற்குக் கட்டாயம் இரண்டு பேர் தேவை. வளைத்தால் பலகை முறிந்துவிடும், முறிந்தால் மொத்தமும் வீண். தங்கமணி ஒரு பக்கம், எட்டாவது படிக்கும் மகள் ஒரு பக்கம், நான் நடுவில். லிஃப்டில் நுழையவில்லை. மூன்று மாடி படியேறி மொட்டை மாடிக்குக் கொண்டு போனோம்.

படியில் எதிர் வீட்டுக்காரர் பார்த்தார். நல்ல மனிதர். ரொம்ப அக்கறையாகக் குரலைத் தாழ்த்தி, "வேலையில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். ஒரு ஆள் ஞாயிற்றுக்கிழமை கையில் அழுக்கோடு நிற்கிறான் என்றால் அவனுக்கு வேலை போயிருக்க வேண்டும்! அடுத்த வாரம் ஆர்.கே.புரம் மலை மந்திரில் பார்த்த நம்மூர் நண்பரும் ஏறக்குறைய இதையேதான் வேறு மாதிரி கேட்டார். "ஏன் சார், இதுக்கெல்லாம் ஆள் கிடைக்கலையா?"

பழைய துணி ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அதன் பிறகு பலகையில் ஒட்டியிருக்கும் செத்த ஃபோமைச் சுரண்ட வேண்டும். இதுதான் உண்மையான வேலை. இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண் என்று அப்பா மூன்று முறை சொன்னார். கம்பி பிரஷ் வேண்டாம், பலகையின் மேல் தோலைப் பிய்த்துவிடும். நைலான் பிரஷ் போதும். தண்ணீர் படக்கூடாது, பலகை ஊறிக் கோணிக்கொள்ளும். மாஸ்க் கட்டாயம். நவம்பர் மாத டெல்லியில் அதைத் தனியாக வாங்க வேண்டியதில்லை, எல்லார் வீட்டிலும் இருக்கும் :-) நாலு மணி நேரம் சுரண்டினேன். முடித்தபோது தோள்பட்டை என்னுடையதாக இல்லை. வீடியோவில் பலகையைக் காட்டினேன். "கையை வெச்சுத் தேய்ச்சுக் காட்டு" என்றார். தேய்த்தேன். உள்ளங்கையில் மஞ்சள். "இன்னும் இருக்குது" என்று போனை வைத்துவிட்டார்.

துணி வாங்கும்போது ஃபோம் ஒட்டிய ரூஃப் லைனிங் துணி என்றே கேட்டு வாங்குங்கள். சோபா துணியை ஒட்டினால் பலகையின் மேடு பள்ளமெல்லாம் வெளியே தெரியும். பலகையின் நீளத்தைவிட ஒரு முழமாவது அதிகமாக வாங்க வேண்டும், பள்ளங்களுக்குள் துணி இறங்க அது தேவை. பசை, சூடு தாங்கும் ரப்பர் பசை. மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை இதற்கு ஆகாது, வெயிலில் இளகிவிடும். ரப்பர் பசையின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். மூடிய அறையில் செய்யாதீர்கள். பக்கத்தில் சிகரெட், ஊதுபத்தி எதுவும் கூடாது.

ஒட்டும் முறை இதுதான். துணியைப் பலகை மேல் விரித்துச் சரியாக வைத்துக்கொண்டு, பாதியை மடித்துப் போட வேண்டும். திறந்த பாதிப் பலகையிலும் துணியின் ஃபோம் பக்கத்திலும் மெல்லிசாகப் பசை தடவி, பத்துப் பதினைந்து நிமிஷம் காய விட வேண்டும். விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் தடவிக்கொண்டே போக வேண்டும். பள்ளம் வரும் இடத்தில் துணியை இழுத்து ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும், அடுத்த வெயிலில் அங்கிருந்துதான் தூக்கும். பள்ளத்துக்குள் கையால் அழுத்தி இறக்க வேண்டும். பிறகு அடுத்த பாதி. விளக்குக்கான ஓட்டையை வட்டமாக வெட்டாமல், குறுக்காக இரண்டு கீறல் போட்டு ஓரங்களைப் பின்னால் மடித்து ஒட்ட வேண்டும். ஒரு நாள் முழுக்க ஆற விட வேண்டும்.

நான் எங்கே சொதப்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின் பக்க மூலையில் பசை கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அது ஃபோமில் ஊறி, உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை துணியின் மேல் பக்கம் வந்துவிட்டது. தொட்டால் அந்த இடம் மட்டும் விறைப்பாக இருக்கும். "பசை ஜாஸ்தியானா அப்படித்தான் ஆகும். அது இருக்கட்டும், வேலை கத்துக்கிட்டதுக்கு அடையாளம்" என்றார் அப்பா.

இதெல்லாம் நடக்கும்போது மகள் ஒரு கேள்வி கேட்டாள். போனைப் பிடித்துக்கொண்டு தாத்தாவுக்கு ஒளிபரப்பு செய்தது அவள்தான். "அப்பா, தாத்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

எனக்குக் கை நின்றுவிட்டது. பதிமூன்று வயசுப் பெண்ணுக்குத் தன் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று தெரியாது. நான் சொன்னதே இல்லை. மறைக்க வேண்டும் என்று திட்டம் போட்டு மறைக்கவில்லை. 'தாத்தா ரிட்டயர்ட்' என்பதோடு நிறுத்திவிட்டேன், அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முனிர்க்கா ரூமில் சொன்ன 'ஆட்டோமொபைல் பிசினஸ்' வரைக்கும். அவள் அதற்குச் சிரிக்கவில்லை. "ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டாள். பதில் தெரியாமல் இல்லை. சொல்ல வரவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். நான் செலவழித்தது:

துணி, இரண்டரை மீட்டர்: 850 ரூபாய்
பசை: 420
பிரஷ் இரண்டு: 60
கையுறை, சில்லறைச் சாமான்: 150
பிளாஸ்டிக் நெம்பி செட்: 250
உடைத்த கிளிப்புகளுக்குப் பதில் புதுசு எட்டு: 120

மொத்தம் 1,850 ரூபாய். மாஸ்டர்ஜி கேட்ட 4,500-ல் கழித்தால் மிச்சம் 2,650. கடைக்கு அலைந்தது, கழற்றியது, சுரண்டியது, ஒட்டியது, மாட்டியது எல்லாம் சேர்த்து எனக்கு ஆன நேரம் 19 மணி. மணிக்கு 139 ரூபாய் சம்பாதித்திருக்கிறேன். அதுவும் ஒரு கறையோடு. ஆபீஸ் சம்பளத்தை மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்தால் இது சுத்த முட்டாள்தனம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, நான் போனைத் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பேன் என்பதுதான் உண்மை. அதை விடுங்கள்.

எனக்கு உறைத்தது இன்னொரு கணக்கு. 2025 ஏப்ரலிலிருந்து டெல்லி அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி, தொழில் தெரிந்த ஆளுக்கு மாதம் 22,411 ரூபாய், தொழில் தெரியாத உதவியாளுக்கு 18,456. மாதம் 26 வேலை நாள் என்று வகுத்தால் நாளுக்கு 862-ம், 710-ம் வரும். இரண்டும் சேர்ந்து 1,572 ரூபாய். மாஸ்டர்ஜிக்கு நெம்பி வாங்க வேண்டாம், கிளிப் உடையாது, பசை பெரிய டின்னில் வாங்குவார். சாமான் செலவு 1,400 என்று வையுங்கள். நான் சொன்ன மூவாயிரத்தில் சாமானுக்கு 1,400, இரண்டு பேர் கூலி 1,572. மீதி 28 ரூபாய்.

அந்த 28 ரூபாயில் ஷெட் வாடகை, கரண்ட், மெஷின் ரிப்பேர், வண்டியே வராத நாட்களுக்கான சோறு, முப்பது வருஷக் கைப்பழக்கத்துக்கான மரியாதை எல்லாம் அடக்கம். இதைத்தான் நான் கெத்தாகச் சொல்லிவிட்டு நின்றேன். போனில் அப்பா ஏன் பேசாமல் இருந்தார் என்பது எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் புரிந்தது. பட்டறையில் அவருக்கும் ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் ரேட்டைக் கூட்டிக் கேட்கப் போவதும், பாதி கிடைத்துத் திரும்பி வருவதும், அம்மா அதை வைத்துக் கணக்குப் போடுவதும் நான் பார்த்து வளர்ந்தவைதான். பார்த்து வளர்ந்தவன்தான் மூவாயிரம் என்றேன்.

வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டெல்லியோ, புனேயோ, பெங்களூரோ, நம்மில் பல பேருக்கு ஒரு தலைமுறை பின்னால் போனால் ஒரு தறி இருக்கும், ஒரு பட்டறை இருக்கும், ஒரு தையல் மெஷின் இருக்கும். 'நீ இதைத் தொடாதே, படி' என்று சொல்லித்தான் நம்மை அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கூலியில் அவர்கள் பட்ட பாடு அப்படிச் சொல்ல வைத்தது. ஆனால் நாம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டோம். கூலிதான் கேவலமாக இருந்தது, வேலையே கேவலம் என்று படித்துக்கொண்டோம். அதனால்தான் கையில் அழுக்கோடு நிற்பவனைப் பார்த்தால் 'ஆள் கிடைக்கலையா' என்று கேட்கத் தோன்றுகிறது. ஆள் கிடைத்தால் அவரிடம் பாதி விலை பேசத் தோன்றுகிறது. மாலில் ஒட்டியிருக்கும் விலையை அப்படியே கொடுப்போம். மரத்தடியில்தான் நம் சாமர்த்தியம் எல்லாம்.

எல்லோரும் இப்படி வீட்டிலேயே செய்துகொண்டால் மாஸ்டர்ஜி மாதிரி ஆட்களின் பிழைப்பு என்ன ஆகும் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு தடவை செய்து பார்த்தவன் இரண்டாவது தடவை செய்ய மாட்டான், என் தோள்பட்டை சாட்சி. அடுத்த முறை அவரிடம்தான் போவான். போகும்போது அந்த வேலையில் எத்தனை மணி நேரச் சுரண்டல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவான். காசு மிச்சம் பிடிப்பதற்காக இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை, 2,650 ரூபாய் இரண்டு ஹோட்டல் சாப்பாட்டில் போய்விடும். வருஷத்துக்கு ஒரு வேலையாவது வீட்டில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு முழுசாகச் செய்து பாருங்கள் என்கிறேன். டோர் பேட் துணியோ, சோபா குஷனோ, பழைய நாற்காலியோ ஏதோ ஒன்று. கூலி பேசுவதற்கு முன்னால் அந்த வேலை என்ன என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைக்குத் தெரிந்தால் வாய் தானாக அடங்கும்.

நானும் ஒரே நாளில் புத்தனாகிவிடவில்லை. டிசம்பர் கடைசியில் டிரைவர் சீட்டின் ஃபோம் அமுங்கிப் போனது என்று மாஸ்டர்ஜியிடமே போனேன். மகளும் கூட வந்தாள். பார்த்துவிட்டு 1,800 என்றார். எனக்குப் பழக்க தோஷத்தில் "தோடா..." என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள். "கப் ஆவூங்?" என்று முடித்தேன். எப்போது வரட்டும் என்று.

மாஸ்டர்ஜிக்கே ஆச்சரியம். பிறகு கூரையைப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையோடு. அவர் கையை உயர்த்தி, முன்னாலிருந்து பின்னால் வரை தடவிக்கொண்டே போனார். பின் மூலையில், மங்கலான வெளிச்சத்தில் கறை கண்ணுக்கே தெரியாத இடத்தில், விரல் நின்றது. இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இங்கே பசை ஜாஸ்தி" என்றார்.

மகள் அன்றைக்கு ராத்திரி தாத்தாவுக்குப் போன் போட்டு முதலில் சொன்னது இதைத்தான்.

பி.கு: கூரை இன்னும் ஒரு கோடையைப் பார்க்கவில்லை. மே, ஜூன் தாண்டினால்தான் என் ஒட்டு வேலையின் லட்சணம் தெரியும். தூக்கினால் மாஸ்டர்ஜியிடம் 4,500-க்குக் கொடுத்துவிடுவதாக வீட்டில் தீர்மானம் நிறைவேற்றியாகிவிட்டது. போர்டு பின்களைத் தங்கமணி குப்பையில் போட்டுவிட்டாள் :-)